ஓடிபி யார் போனுக்கு வருகிறது?

கேள்வி: வெங்காயக்காட்டு இ-சேவை

வணக்கம். பெரம்பலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஆறு வருடமாக இ-சேவை மையம் நடத்துகிறேன். ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு கைரேகைக் கருவி, வாசலில் மூன்று பேர் நெருக்கி உட்காரும் பெஞ்சு. இவ்வளவுதான் என் ராஜ்யம். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஆண்கள் சிங்கப்பூரிலும் குவைத்திலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். ஊரில் இருப்பவர்களும் "நீ போய் எழுதிக் கொடுத்துவிட்டு வா" என்று மனைவியைத்தான் அனுப்புகிறார்கள்.

உட்கார்ந்ததும் நான் கேட்பது "நம்பர் சொல்லுங்கள்". மூச்சு விடாமல் பத்து இலக்கத்தையும் ஒப்பிப்பார்கள். தட்டச்சு செய்துவிட்டு, "ஓடிபி வந்திருக்கும், பாருங்கள்" என்பேன். கையில் போன் இருக்கும், அதில் ஓடிபி இருக்காது. "அது அவர் நம்பர் ஆயிற்றே!"

பிறகு அவருக்கு போன் போடுவார்கள். அவர் மினி லாரி ஓட்டிக்கொண்டிருப்பார், அல்லது பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளர் போனை வாங்கி வைத்திருப்பார். திரும்ப அழைக்கும்போது அந்த ஓடிபி காலாவதியாகியிருக்கும். இன்னொன்று அனுப்புவேன். அறுபது ரூபாய்க் கட்டண வேலைக்கு அரை நாள் பெஞ்சில் போகும். ரேஷன் கடைக் குறுஞ்செய்தியும் இப்படித்தான். வீட்டுக்காரி சர்க்கரையை வாங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் திருப்பூரில் இருப்பவருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். போன மாதம் நடந்ததை அப்படிச் சொல்ல முடியவில்லை. முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் ஆதரவற்ற விதவைச் சான்றுக்கு வந்தார். ஆதாரிலும் சரி, இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து வைத்திருக்கும் 'கேன்' பதிவிலும் சரி, இருந்தது இறந்துபோன கணவரின் எண். அந்த சிம் இப்போது கொழுந்தன் போனில் ஓடிக்கொண்டிருக்கிறது. என் முன்னால்தான் அவர் கொழுந்தனை அழைத்தார். "எதற்கு ஓடிபி? என்ன எழுதிக் கொடுக்கிறாய்? நிலத்து விஷயமா? சாயங்காலம் வீட்டுக்கு வா, பேசிக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. அந்தப் பெண் போனை மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு "இன்னொரு நாள் வருகிறேன் அக்கா" என்று எழுந்து போய்விட்டார். இன்னும் வரவில்லை.

இப்போது என் கேள்வி. அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் ஊர் மகளிர் குழுவினருக்கு இணையம் பழக்கும் வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கையில் கொடுத்த பாடத்திட்டம் "மின்னஞ்சல் தொடங்குவது எப்படி" என்று ஆரம்பிக்கிறது. எங்கள் ஊரில் மின்னஞ்சல் எழுதி யாருக்கு அனுப்புவது? தலையாரிக்கா? இப்படி வகுப்பு எடுத்தவர்கள், வீட்டில் அம்மாவுக்கோ அத்தைக்கோ கற்றுக்கொடுத்தவர்கள் சொல்லுங்கள்: இரண்டு மணி நேரத்தில் எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

தங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் தாங்கள் தீட்டும் படம் கொஞ்சம் பழையது என்று தோன்றுகிறது. 2011இல் அரசு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது ஆண், பெண் என்று பார்த்தா கொடுத்தார்கள்? என் பள்ளியில் மாணவிகள்தான் அதைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டார்கள். 2016க்குப் பிறகு இணையக் கட்டணமும் மலிந்துவிட்டது. என் மனைவிக்கு அறுபத்து மூன்று வயது. காலையில் சுப்ரபாதம், பகலில் சமையல் குறிப்பு, இரவில் பட்டிமன்றம், எல்லாம் யூடியூபில்தான். போனைக் கீழே வையம்மா என்று நான்தான் கெஞ்ச வேண்டியிருக்கிறது. இந்தத் தலைமுறை போனால் இந்த வேறுபாடும் தானாகப் போய்விடும். கற்க விருப்பம் இல்லாதவர்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

வெங்காயக்காட்டு இ-சேவை

ஐயா, தலைமுறை போனால் போய்விடும் என்கிறீர்கள். 2023இல், கிராமப்புறக் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் 'அசர்' ஆய்வினர் 14 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் எடுத்துக்கொண்டது எங்கள் பெரம்பலூரைத்தான். அதனால்தான் அந்த அறிக்கையை அவ்வளவு கவனமாகப் படித்தேன். நாடு முழுவதும் சேர்த்து வந்த கணக்கு இது: ஏறக்குறைய பத்தில் ஒன்பது பிள்ளைகளின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. அதை இயக்கத் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருந்த பையன்கள் 43.7 சதவீதம், பெண்பிள்ளைகள் 19.8 சதவீதம். இது பாட்டிமார் கதை இல்லை, ஐயா. பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைகள்.

2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் எப்போதாவது இணையம் பயன்படுத்தியதாகச் சொன்ன ஆண்கள் 57.1 சதவீதம், பெண்கள் 33.3. தமிழ்நாட்டுப் பெண்கள் மட்டும் 46.9. பிகாருக்கு (20.6) நாம் மேல், கேரளத்துக்கு (61.1) கீழ். "எப்போதாவது" என்ற சொல்லைக் கவனியுங்கள். மகன் போனில் ஒரு முறை பேரனைப் பார்த்த பாட்டியும் அதில் சேர்த்தி.

அம்மா யூடியூப் பார்ப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். எங்கள் ஊரிலும் பார்க்கிறார்கள். கோலம், ரவிக்கைத் தையல், வளைகாப்பு அலங்காரம் என்று பார்த்துக் கற்றுக்கொண்டு காசு பார்க்கிறவர்களும் உண்டு. ஆனால் தவறாக எடுத்துக்கொள்ளாமல், அம்மாவிடம் மூன்று விஷயம் மட்டும் கேட்டுப் பாருங்கள். அந்த சிம் யார் பெயரில் இருக்கிறது? அம்மா பெயரில் உள்ள வங்கிக் கணக்கின் குறுஞ்செய்தி எந்தப் போனுக்கு வருகிறது? ரீசார்ஜ் தீர்ந்தால் யாரிடம் சொல்ல வேண்டும்? 2024 ஜூலையில் 239 ரூபாய்த் திட்டம் 299 ஆனபோது எங்கள் ஊரில் பல வீடுகளில் ஒரு போனுக்குத்தான் காசு போட்டார்கள். எந்தப் போனுக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பதில் 2: ஏரிக்கரை மேட்

அக்கா, நான் கரூர் பக்கம். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தேன். என் கைக்குப் போன் வந்த கதையைச் சொன்னால் உங்கள் கேள்விக்கு உதவலாம்.

2022 கடைசி வரை என்னிடம் பட்டன் போன்தான். வீட்டில் ஸ்மார்ட்போன் ஒன்று உண்டு, அது அவருடையது. 2023 ஜனவரி முதல் வருகையைச் செயலியில்தான் ஏற்ற வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு முறை ஆட்களை நிற்கவைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். போன் இல்லாவிட்டால் பொறுப்பு வேறு ஒருவருக்குப் போய்விடும். அந்த வாரமே அவர் வட்டிக்கு வாங்கி எனக்கு ஒரு போன் எடுத்துக் கொடுத்தார். மூன்று வருடமாக "தையல் வீடியோ பார்க்க ஒன்று வேண்டும்" என்று கேட்டபோது அசையாத மனிதர்.

ஏரிக்குள் சிக்னல் கிடையாது. கரைமேல் ஒற்றைப் பனை ஒன்று நிற்கிறது, அதன் அடியில் நின்றால்தான் படம் ஏறும். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி எடுத்துவிட்டு, நான் பனைமரத்துக்கு ஓடுவேன். ஒருநாள் ஏறாமல் போய்விட்டது. முப்பது பெண்கள் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அவர்கள் கூலி அல்லவா? இணையத்துக்குக் காசும் என் கையிலிருந்துதான்.

ஆனால் அதே பெண்கள்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னைச் சுற்றி உட்கார்ந்து, "என் கணக்கில் பணம் ஏறியதா பார்", "அடுத்த வாரப் பட்டியலில் என் பெயர் இருக்கிறதா பார்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் நான் பார்த்துச் சொன்னேன். பிறகு அலுத்துப்போய், "விரலை இங்கே வை, நீயே தள்ளு" என்று கொடுத்துவிட்டேன். மூன்று பேர் நன்றாகவே பழகிக்கொண்டார்கள். அதில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் பெயர் எந்த வடிவத்தில் இருக்கும் என்று மட்டும் தெரியும், அதைத் தேடிப் பிடித்துவிடுவார்.

அதனால், உங்கள் வகுப்புக்கு "இணையம் பழகுவோம்" என்று பெயர் வைக்காதீர்கள். வீட்டில் விட மாட்டார்கள். "உரிமைத்தொகை வந்ததா என்று பார்ப்பது எப்படி" என்று ஒரு தாளில் எழுதி ரேஷன் கடையில் ஒட்டுங்கள். கூட்டம் வரும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். போன் என்னுடையதுதான், ஆனால் பூட்டு திறக்கும் கோடு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாராவது கூப்பிட்டால் "யார்?" என்று கேள்வி வரும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அது மகன் கையில் விளையாட்டுக்குப் போய்விடும். அவர் போனை யாரும் தொடுவதில்லை.

பதில் 3: பால் சங்கத்து மகள்

அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு. அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். நான் சென்னையில் வேலைக்கு வந்த பிறகு பழைய ஸ்மார்ட்போன் ஒன்றை அனுப்பினேன். முதல் வாரம் அதைச் சூடான தோசைக்கல்லைத் தொடுவது போல நகத்து நுனியால் தொட்டார். "எங்காவது பட்டுப் பணம் போய்விட்டால்?" என்ற ஒரே பயம்.

பெயர்களை எழுத்தில் பதிந்து வைத்தால் அவரால் படிக்க முடியாது. அதனால் எல்லாம் படம். பால் சங்கச் செயலாளர் என்றால் மாடு. தம்பி பஸ் கண்டக்டர், அவனுக்கு பஸ். மாட்டு வைத்தியருக்கு ஊசி. நான் நிலா, இரவில்தான் கூப்பிடுவேன் என்பதால். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். வாட்ஸ்அப்பில் தட்டச்சு தேவையே இல்லை, ஒலிவாங்கியை அழுத்திப் பேசினால் போதும் என்று தெரிந்த பிறகு எனக்கு வரும் குரல் பதிவுகளில் கோழி கூவுவதும் கேட்கும், அப்பா இருமுவதும் கேட்கும்.

பணப் பயத்துக்கு ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். "பணம் வருவதற்கு 'பின்' என்கிற ரகசிய நம்பர் தேவையில்லை, போவதற்குத்தான் தேவை. யாராவது பணம் அனுப்புகிறேன், பின் நம்பரைப் போடுங்கள் என்றால் திருடன்." அம்மா அதைத் தெருவுக்கே சொல்லிவிட்டார். மோசடி நடந்தால் கூப்பிட வேண்டிய 1930 என்ற எண்ணைச் சமையலறைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் வாட்ஸ்அப் படம் செம்பருத்திப் பூ. எங்கள் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் பூ, சாமி, அல்லது குழந்தை. சொந்த முகம் வைத்தவர் ஒருவரும் இல்லை. ஒருமுறை தெரியாத எண்ணிலிருந்து அம்மாவுக்கு நாலைந்து ரோஜாப்பூ வந்தது. அனுப்பியவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "போனைத் திருப்பி அனுப்பிவிடலாமா?" என்று தம்பி என்னிடம் கேட்டான். எண்ணைத் தடை செய்வது எப்படி என்று வகுப்பில் கட்டாயம் காட்டுங்கள். அது தெரியாததால் போனை இழந்தவர்கள் உண்டு.

எனக்கும் இது புதிதில்லை. கல்லூரி விடுதியில் இரவு எட்டு மணிக்குப் போனை வார்டனிடம் ஒப்படைக்க வேண்டும், பையன்கள் விடுதியில் அப்படி ஒரு சட்டமே இல்லை. 2019இல் கோழிக்கோடு அருகே சேளன்னூரில் ஒரு மாணவி இதே போன்ற விதிக்குக் கட்டுப்பட மறுத்து விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடக்கம் என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை என் வார்டனுக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். அதற்குள் படிப்பு முடிந்துவிட்டது.

பதில் 4: தபால் பை

கிராம அஞ்சல் ஊழியன். உங்கள் பதிவில் விதவைப் பெண் விஷயத்தை மட்டும் பார்த்துப் பதில் எழுதுகிறேன், மற்றது பெரியவர்கள் பேசட்டும்.

ஆதாரில் கைபேசி எண்ணை மாற்றப் பழைய எண்ணுக்கு ஓடிபி போக வேண்டியதே இல்லை. கைரேகை வைத்தால் போதும், வேறு ஆவணமும் வேண்டாம். கொழுந்தனிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்பதை அந்தப் பெண்ணிடம் முதலில் சொல்லுங்கள். ஆதார் மையத்துக்குப் போகலாம். அல்லது அஞ்சல் வங்கி வழியாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து செய்து கொடுப்பார், 2021 முதல் இருக்கிறது. கட்டணம் 50 ரூபாயாக இருந்தது, இப்போது 75.

அதற்கு முன் அவர் பெயரில் ஒரு சிம் வேண்டும். கடையில் ஆதாரும் கைரேகையும் கொடுத்தால் கிடைக்கும். அவர் பெயரில் ஏற்கெனவே எத்தனை சிம் ஓடுகிறது என்று அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். பார்த்தால் சில வீடுகளில் வேடிக்கை தெரியும்: அம்மா பெயரில் மூன்று சிம், மூன்றும் மகன்களிடம்.

கவனிக்க: ஆதாரில் மாற்றினால் வங்கியிலோ ரேஷன் அட்டையிலோ காஸ் இணைப்பிலோ தானாக மாறாது. ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போக வேண்டும். வெளிநாடு போனவரின் எண்ணை விட்டுவைப்பதும் ஆபத்து. தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாவிட்டால் எண்ணை முடக்கிவிடுவார்கள், பிறகு அது வேறு யாருக்கோ போய்விடும்.

உங்கள் ஊர் அஞ்சலகத்தில் தேதியைச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வகுப்பு நடக்கும் இடத்துக்கே கருவியோடு வருவார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அம்மையார் கேட்ட மூன்றையும் வீட்டில் கேட்டேன். சிம் என் பெயரில். அவள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், அவளுடைய ஓய்வூதியக் கணக்கின் குறுஞ்செய்தியும் என் போனுக்குத்தான் வருகிறது. பதினொரு வருடமாக வருகிறது. மூன்றாவது கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை, சிரித்தாள். திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறோம்.

வெங்காயக்காட்டு இ-சேவை

எல்லோருக்கும் நன்றி. வகுப்பு முடிந்தது, அதனால் எழுதுகிறேன்.

மின்னஞ்சலைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஏரிக்கரை மேட் சொன்னபடி ரேஷன் கடையில் தாள் ஒட்டினேன். முப்பத்தொரு பேர் வந்தார்கள். பத்தொன்பது பேரிடம் கையில் போன் இருந்தது. முதல் பாடமாக, "உங்கள் நம்பரைச் சொல்லுங்கள், அவர் நம்பர் வேண்டாம்" என்றேன். பத்தொன்பது பேரில் ஆறு பேருக்குத்தான் தெரிந்தது. கணவர் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவர்கள் தன் எண் தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒவ்வொருவரையும் என் போனுக்கு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னேன். நான்கு பேருக்கு அழைப்பே போகவில்லை, ரீசார்ஜ் இல்லை. எண் அச்சிட்ட சிம் அட்டை உறை ஏதாவது அவர்கள் போன் உறைக்குள் இருக்கிறதா என்று தேடினோம். வந்த எண்களைத் தாளில் பெரிதாக எழுதிப் போன் உறைக்குள் செருகிக் கொடுத்தேன். இதற்கே ஒரு மணி நேரம் போய்விட்டது. மீதி நேரத்தில் எண்ணைத் தடை செய்வதும், பின் நம்பர் விஷயமும். தொடர்புப் பெயருக்குப் படம் வைப்பதைக் காட்டியதும் வகுப்பு என் கையை விட்டுப் போய்விட்டது. மாமியாருக்கு என்ன படம் வைப்பது என்று அரை மணி நேரம் ஒரே கூச்சல்.

தபால்காரர் பன்னிரண்டு மணிக்குக் கருவியோடு வந்தார். அந்தப் பெண்ணை நானே போய் அழைத்து வந்திருந்தேன், முதல் நாளே புது சிம் வாங்க வைத்திருந்தேன். அவருக்குக் கைரேகை பதியவில்லை. வெங்காயம் அறுத்து அறுத்து விரல் தேய்ந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி வைத்து, இடது கை மோதிர விரலில் ஒருவழியாக ஏற்றுக்கொண்டது.

நான்கைந்து நாளில் எண் மாறிவிட்டது என்று தெரிந்ததும் நேற்றுச் சான்றுக்கு வந்தார். கேன் பதிவையும் மாற்றி ஓடிபி அனுப்பினேன். பெஞ்சில் எங்கோ 'டிங்' என்றது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் திரும்பி, "உங்களுக்குத்தான் ஏதோ வந்திருக்கிறது, பாருங்கள்" என்றார்.